பெட்டி ஆறும்வரை

லாரிக்காரனுக்கு வீடு என்பது தூங்குவதற்காகக் கட்டி வைத்த இடம். ஓட்டம் முடிந்து வந்தால் செருப்பை ஒரு மூலையிலும் தன்னை ஒரு மூலையிலும் போட்டுவிட்டு, திரும்ப லாரி கூப்பிடும்வரை எழுந்திருக்க மாட்டான். இஸ்திரிக்குத் துணி கொடுக்க வருகிறவர்களிடம் அவன் பெண்டாட்டி வாசலிலேயே சொல்லிவிடுவாள், "மெதுவாப் பேசுங்க, உள்ள இன்ஜின் ஓடிக்கிட்டிருக்கு." குறட்டையைத்தான் சொல்கிறாள். தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு அவன் முகத்தைவிட அந்தச் சத்தம்தான் பழக்கம்.

அப்படிப்பட்டவன் கையில் ஒரு பெண்குழந்தையை ஒப்படைத்துவிட்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். படுத்துக்கொண்டாள் என்றால் வேண்டுமென்றா? எட்டாம் மாதம். கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கி, ரத்தக் கொதிப்பு ஏறி, இடதுபக்கமாகவே படுத்திருக்க வேண்டும், அசையக் கூடாது, மனசு கெட்டுப்போகிற எதையும் காதில் போடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். நின்ற காலில் நாள்பூராவும் இஸ்திரிப் பெட்டி இழுத்தவளுக்கு அசையாமல் கிடப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று டாக்டரம்மாவுக்கு எங்கே தெரியப் போகிறது.

ஆட்டோவில் ஏறும்போது அவள் ஒப்பித்தாள். "காலைல முதல்ல பல்லு, அப்புறம்தான் பாலு. மாத்தினீங்கன்னா ரெண்டுமே நடக்காது. ஹாஸ்டல் துணிமூட்டை வந்ததும் சாக்ஸையெல்லாம் அவகிட்ட கொட்டிடுங்க, ஜோடி சேப்பா. அது முடிஞ்சா கைக்குட்டை மடிக்கச் சொல்லுங்க. முட்டை அட்டையில பட்டன் பிரிச்சுப் போடுவா. மத்தியானம் பின்னாடி முற்றத்துல ரெண்டு சொம்பு, ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு ஊத்துவா, ஊத்தட்டும். சாயங்காலம் பெட்டி போடும்போது மட்டும்..." ஆட்டோக்காரர் இந்த இடத்தில் வண்டியைக் கிளப்பிவிட்டார். லாரிக்காரன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். புது ஊருக்கு வழி சொல்கிறவர்களுக்கு ஆட்டுவானே, அந்த ஆட்டல். போகிற வழியில் கேட்டுக்கொள்ளலாம் என்கிற ஆட்டல்.

ஆனால் அவள் கடைசியாக ஆட்டோவிலிருந்து தலையை நீட்டிச் சொன்னது மட்டும் அவனுக்கு ஆணி அடித்த மாதிரி நின்றது. "அக்கா வந்து கேட்டா குடுத்துடாதீங்க. கையைப் பிடிச்சுச் சொல்றேன். குடுத்துடாதீங்க."

அக்கா என்பது அவளுடைய கூடப்பிறந்த அக்கா. நகரத்தின் மறுபக்கம் சின்னக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறாள். தெருவில் அவளுக்கு டீச்சர் என்றே பெயர். கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது, அதுதான் சங்கடம். போன வருஷம் தங்கச்சிக்குக் காய்ச்சல் என்று குழந்தையை ஒரு வாரம் கூட்டிப்போய் வைத்திருந்தாள். திரும்பி வந்த குழந்தை ஒண்ணுக்குப் போவதற்கு விரல் தூக்கி அனுமதி கேட்டது. தெருவே சிரித்தது, தாய்க்காரி மட்டும் சிரிக்கவில்லை. டீச்சருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது, எல்லாம் வளர்ந்து வெளியூர் போய்விட்டது. 'ரெண்டாவது பொறந்தப்புறம் பெரியவளை நான் வச்சுக்கறேன், உனக்கு எதுக்குக் கஷ்டம்' என்று இரண்டு மூன்று தடவை பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். பேச்சுவாக்கில் சொல்வதுதான் நடக்கும் என்று தங்கச்சிக்குத் தெரியும். ஒருமுறை வாசல் தாண்டினால் குழந்தை திரும்பி வராது.

குழந்தைக்கு மூன்றரை வயது. உருவத்துக்கேற்றபடி சுண்டு என்று கூப்பிடுவார்கள். உருவம்தான் சுண்டு, பிடிவாதம் லாரி சைஸ்.

அன்றைக்கே டீச்சர் சாயங்காலம் வருவதாகப் போன் பண்ணியிருந்தாள். 'பெரிய காரா சொல்லியிருக்கேன், பார்த்துட்டுப் போறேன்' என்றாள். பார்க்க வருகிறவள் எதற்குப் பெரிய காராகச் சொல்லி வைக்கிறாள் என்று லாரிக்காரனுக்கு அப்போதே சந்தேகம். வீட்டைக் கூட்டினான். குழந்தைக்குத் தலை சீவினான், வகிடு வளைவுச்சாலை மாதிரி போயிற்று. வானம் காலையிலிருந்தே மூடிக்கிடந்தது. துணி காயாமல் வீடு முழுக்க ஈரவாடை. ஹாஸ்டல் படுக்கை விரிப்புகள் மூலையில் இரண்டு மூட்டையாக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன, விடிந்தால் கொடுக்க வேண்டும். சரி, டீச்சர் அண்ணி வரும்போது சும்மா உட்கார்ந்திருப்பதைவிட வேலை செய்துகொண்டிருப்பது மரியாதை என்று நினைத்துப் பெட்டியின் பிளக்கைச் சொருகினான். பழைய காலத்துக் கனத்த பெட்டி, முன்பக்கம் சிவப்பு விளக்கு எரியும். பெண்டாட்டி தினமும் சொல்வதைத் தூக்கத்தில் கேட்டிருக்கிறானே, அதே மாதிரி குரலை உயர்த்தி, "பெட்டி போட்டாச்சு!" என்றான்.

சுண்டு கையிலிருந்த பட்டனைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் ஓடுவதைப் பார்த்து அவனுக்குப் பெருமைகூட வந்தது. அடேயப்பா, நாமும் வீடு நடத்துகிறோம்.

அந்த நேரம் பார்த்து லாரி முதலாளி போன் பண்ணினார். உள்ளே சிக்னல் கிடைக்காது. வாசலுக்குப் போனான், வாசலிலிருந்து எதிரே மிக்சி ரிப்பேர் கடை ஓரத்துக்குப் போனான். நாளைக்கு வண்டி எடுக்கவில்லையென்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று அவர் கத்த, இவன் கெஞ்ச, பேச்சு இழுத்துக்கொண்டே போயிற்று. தூறல் ஆரம்பித்தது. திரும்பி உள்ளே வந்தபோது கதவு அவன் விட்டுப்போன மாதிரியே விரியத் திறந்து கிடந்தது.

"சுண்டு?"

ஈரத்தலையைத் துடைத்துக்கொண்டே சுற்றிப் பார்த்தான்.

"சுண்டுக்குட்டி, பெரியம்மா வரப்போறாங்க, வா."

கட்டிலுக்கு அடியில் பார்த்தான். சமையலறையில் பார்த்தான். முற்றத்தில் இரண்டு சொம்பும் மழை வாங்கிக்கொண்டிருந்தன. கக்கூஸ் கதவைத் தள்ளிப் பார்த்தான். அப்போதுதான் திறந்து கிடந்த வாசல் கதவு அவன் கண்ணில் உறைத்தது. தெருக்கோடியில் கால்வாய் இருப்பதும் அதே நிமிஷத்தில் ஞாபகம் வந்தது.

வெளியே ஓடி வந்து அவன் கத்திய கத்தில் மிக்சிக்கடைக்காரர் திருப்புளியோடு எழுந்து வந்தார். மாடிவீட்டம்மா அடுப்பை அணைத்தாளோ இல்லையோ, இறங்கி வந்துவிட்டாள். அவள் வருவதற்கு யாரும் கூப்பிட வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் தட்டு விழுந்தாலே என்ன தட்டு என்று கேட்கிறவள்.

"என்னாச்சு தம்பி?"

"குழந்தையக் காணோம்க்கா. இப்பதான், போன் பேசிட்டு வந்தேன்..."

"ஐயையோ! நான் அப்பவே நெனச்சேன். எவ்வளவு நேரம்யா போன் பேசின? மேலேர்ந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"பாத்துக்கிட்டு இருந்தீங்களே, குழந்தை வெளிய வந்துச்சா?"

"உன்னைத்தான்யா பாத்தேன். வாசலை எங்க பாத்தேன்."

மிக்சிக்கடைக்காரர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கால்வாய்ப் பக்கம் ஓடினார். மழை வலுத்தது. தெரு முழுக்கச் சுண்டு சுண்டு என்று குரல்கள். கொஞ்சுகிற குரல், அதட்டுகிற குரல், மிட்டாய் தருகிறேன் என்கிற குரல். இந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் அந்தப் பெரிய கார் வந்து நின்றது.

டீச்சர் குடையை விரித்தபடி இறங்கினாள். கூட்டத்தைப் பார்த்தாள். லாரிக்காரன் முகத்தைப் பார்த்தாள். குடையைப் பாதியில் விட்டுவிட்டு நேராக உள்ளே வந்தாள்.

"எங்க மாப்பிள்ள குழந்தை?"

மாடிவீட்டம்மாதான் சொன்னாள், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, மூலையில் கிடந்த மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்து. "காணோம்மா. கதவத் தொறந்து போட்டுட்டுப் போன் பேசப் போயிருக்கு தம்பி. கால்வாய்ப் பக்கம் ஆளுங்க போயிருக்காங்க."

டீச்சர் திட்டுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் சிலபேர் அதற்காகத்தான் உள்ளே வந்ததே. அவள் திட்டவில்லை. வீட்டை ஒருமுறை தானும் தேடினாள், அலமாரி, கதவுக்குப் பின்னால், தண்ணீர்ப் பீப்பாய். பீப்பாய் மூடியைத் தூக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். காலிப் பீப்பாய். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாப்பிள்ள. இந்நேரத்துக்குத் தினமும் அவ என்ன பண்ணுவா?"

"தெரியல அண்ணி."

"விளையாடுவாளா, தூங்குவாளா, சாப்பிடுவாளா?"

"நான்... நான் வீட்ல இருந்தா தூங்கிட்டிருப்பேன் அண்ணி."

"யாருக்குத் தெரியும்?"

எல்லோருக்கும் தெரிந்த பதில்தான். ஆனால் அவளிடம் எப்படிக் கேட்பது? அசையக் கூடாது, அதிரக் கூடாது என்று கிடக்கிறவளிடம், உன் குழந்தையைக் காணோம், அது இந்நேரம் எங்கே போகும் என்று எந்த வாயால் கேட்பது?

"நீங்க கேளுங்க," என்றாள் டீச்சர். "நான் கேட்டா சந்தேகப்படுவா. என்கிட்ட எப்பவும் சந்தேகம்தான். சாதாரணமாக் கேளுங்க. குரல் நடுங்கக் கூடாது."

போனைப் போட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான். ஆஸ்பத்திரி மணி ஏதோ பின்னால் அடித்தது.

"என்னங்க? அக்கா வந்துட்டாளா?"

"வந்துட்டாங்க. இங்கதான் இருக்காங்க."

"குடுக்க மாட்டேன்னு சொன்னீங்களா?"

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அதெல்லாம் அப்புறம். இல்ல... சாயங்காலம் பெட்டி போட்டா சுண்டு என்ன பண்ணுவா? காலைல ஆட்டோல நீ சொல்ல வந்தது."

"எதுக்கு இப்ப?"

"ஒழுங்காப் பண்ணணும்ல. அண்ணி வேற பாக்கறாங்க."

"சுண்டு எங்க? போனை அவகிட்ட குடுங்க."

லாரிக்காரன் மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத வண்டியை ஓட்டியிருக்கிறான், அன்றைக்கு இவ்வளவு வியர்க்கவில்லை.

"கை கழுவிட்டிருக்கா. நீ சொல்லு முதல்ல."

"கை கழுவறாளா? தானாவா?" தாய்க்காரிக்கு நம்ப முடியவில்லை. "சரி. பெட்டி போட்டாச்சுன்னு நான் சத்தம் குடுப்பேன். அவ ஓடிப்போய் ஒளிஞ்சுக்குவா. பெட்டி ஆறுற வரைக்கும் வெளிய வரக் கூடாது, வாயத் தொறக்கக் கூடாது. அதான் ஆட்டம். அன்னைக்கு யாரோ வாசல்ல கூப்பிட்டாங்கன்னு ஓடி வந்து ஒயர்ல கால் மாட்டி, பெட்டி என் பாதத்துல விழுந்துச்சே, அதுலேர்ந்து. யார் கூப்பிட்டாலும் வராத, அப்பா கூப்பிட்டாலும் வராத, அம்மாவே அழுதாலும் வராதன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"எங்க ஒளிவா?"

"தினம் ஒரு இடம். எனக்கே தெரியாது. நான் தேட மாட்டேன், தேடினா ஆட்டம் கெட்டுடும். கடைசில பெட்டியில தண்ணி தெளிப்பேன். ஸ்ஸுன்னா சூடு. சத்தம் வரலன்னா அவளே வந்துடுவா. ஏங்க, உங்க குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"சிக்னல்மா. அப்புறம் கூப்பிடறேன்."

வைத்துவிட்டான். எல்லோர் கண்ணும் ஒரே இடத்துக்குப் போயிற்று. மேஜைமேல், அதன் இரும்புத் தாங்கியில், பெட்டி. முன்பக்கம் சிவப்பு விளக்கு கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது. இத்தனை பேர் உள்ளே வந்து போயும், அதைத் தாண்டித் தாண்டித் தேடியும், ஒருத்தர்கூட அணைக்கவில்லை.

லாரிக்காரன் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான்.

"இன்னும் வீட்டுக்குள்ளதான் இருக்கா," என்றான்.

"இருந்தாத்தான்," என்றாள் மாடிவீட்டம்மா. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். அவன் போய் வாசலைப் பார்த்தான். மழையில் கால்வாய்ப் பக்கமிருந்து யாரோ கத்தினார்கள், என்ன என்று புரியவில்லை. போவதா, நிற்பதா? போய் அங்கே ஏதாவது இருந்தால்? நின்று இங்கே ஒன்றும் இல்லாவிட்டால்?

"எவ்வளவு நேரமாகும் ஆற?" டீச்சர் கேட்டாள்.

"இது பழைய பெட்டி அண்ணி. லேசுல ஆறாது."

"ஏதாவது செய்யுங்க. என்னால நிக்க முடியல."

அவன் அடுத்த மூட்டையிலிருந்து காயாத ஒரு படுக்கை விரிப்பை இழுத்து மேஜைமேல் பரப்பினான். பெட்டியை அதன்மேல் அழுத்தி இழுத்தான். ஆவி குபுகுபுவென்று கிளம்பிற்று. அவனுக்கு இஸ்திரி போடத் தெரியாது, ஸ்டியரிங்கைத் திருப்புகிற மாதிரி இரண்டு கையாலும் திருப்பினான். இன்னொரு விரிப்பு. இன்னொன்று. முகத்தில் ஆவி அடித்தது, கண்ணில் வடிவது ஆவியா என்னவா என்று அவனுக்கே தெரியாது. இதற்குள் தெருவில் பாதி வாசலில் கூடி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னது. போலீஸுக்குச் சொல்லு. பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பு. நேத்தே ஒரு புது ஆள் திரிஞ்சான், நான் பாத்தேன்.

டீச்சர் திரும்பினாள். "எல்லாரும் விரல் வாயில!"

அதட்டவில்லை. ரொம்பச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் பள்ளிக்கூடம் நடத்திய அத்தனை வருஷமும் அந்தக் குரலுக்குள் இருந்தது. மீசை வைத்தவர்கள், பேரன் எடுத்தவர்கள், கால்வாயிலிருந்து நனைந்து திரும்பிய மிக்சிக்கடைக்காரர் முதற்கொண்டு எல்லோரும் விரலை உதட்டில் வைத்தார்கள். மாடிவீட்டம்மா பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதன்முறையாக வாயை மூடினாள் என்று பிற்பாடு தெருவில் பேச்சு. மிக்சிக்கடைக்காரர் லாரிக்காரனைப் பார்த்து இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார். கால்வாயில் ஒன்றும் இல்லை. அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

லாரிக்காரன் சொம்பில் விரலை நனைத்துப் பெட்டியின்மேல் தெளித்தான்.

ஸ்ஸ்ஸ்ஸ்.

காத்திருந்தான். ஈர விரிப்பில் மறுபடி தேய்த்தான். தெளித்தான்.

ஸ்ஸ்.

டீச்சர் கையிலிருந்த கைக்குட்டையைத் திருகித் திருகிக் கயிறாக்கிக்கொண்டிருந்தாள். அவன் பெட்டியைத் தூக்கி ஜன்னலோரத்தில் சாரலில் பிடித்தான். கை வலித்தது. வலிக்கட்டும். கொண்டுவந்து வைத்து மறுபடி தெளித்தான்.

ஸ்.

இன்னும் கொஞ்சம். அவன் உதடு என்னவோ முணுமுணுத்தது. கடைசியாகத் தெளித்தபோது தண்ணீர் பெட்டியின்மேல் முத்து முத்தாக அப்படியே உட்கார்ந்தது. சத்தமே இல்லை.

சத்தம் இல்லை. யாரும் வரவும் இல்லை.

அவன் மேஜையைப் பிடித்துக்கொண்டான். டீச்சர் வாயைப் பொத்தினாள், பொத்திய கைக்குள்ளிருந்து ஒரு கேவல் தப்பி வந்தது. வாசலில் ஒருத்தர் விரலை எடுத்துவிட்டார்.

"இன்னொரு வாட்டி," என்றது ஒரு குரல்.

மாடிவீட்டம்மா தேள் கொட்டியவள்போல எழுந்தாள். அவள் உட்கார்ந்திருந்த மூட்டைக்குப் பின்னாலிருந்துதான், சுவருக்கும் மூட்டைக்கும் நடுவிலிருந்துதான் வந்தது.

"இன்னொரு வாட்டி தெளி. எனக்குச் சரியாக் கேக்கல."

லாரிக்காரன் தெளித்தான். அவசரத்தில் பாதித் தண்ணீர் தரைக்குப் போயிற்று. ஆனாலும் கொஞ்சம் பெட்டியில் விழுந்தது, விழுந்து சும்மா இருந்தது.

மூட்டை நகர்ந்தது. முதலில் ஒரு கால், அப்புறம் வளைந்த வகிடு, அப்புறம் சுண்டு. முகமெல்லாம் துணியின் தையல் பதிந்து சிவந்திருந்தது. யாரையும் பார்க்கவில்லை. அப்பாவை மட்டும் பார்த்தாள், கடுங்கோபமாக.

"ஏம்ப்பா இவ்ளோ நேரம்? எனக்கு ஒண்ணுக்கு வருது!"

சொல்லிவிட்டு ஓடினாள். யாரிடமும் விரல் தூக்கவில்லை.

அதற்கப்புறம் தெருக்காரர்கள் சிரித்ததும் அழுததும், மாடிவீட்டம்மா 'நான் உக்காந்ததாலதான் குழந்தை பத்திரமா இருந்துச்சு' என்று கிளப்பிவிட்டதும் வேறு கதை. ஒருவழியாக எல்லோரும் கலைந்தபோது வீட்டில் மூன்று பேர் மிச்சம். சுண்டு தரையில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் தோய்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் கட்டில் விளிம்பில். லாரிக்காரன் சுவரில் சாய்ந்து நின்றான்.

"அண்ணி," என்றான். "கூட்டிட்டுப் போங்க."

டீச்சர் நிமிர்ந்தாள்.

"அவகிட்ட நான் சொல்லிக்கறேன். கையப் பிடிச்சுக் கேட்டா, குடுக்காதன்னு. ஆனா நான் லாயக்கில்ல அண்ணி. வாசக்கதவ சாத்தத் தெரியல எனக்கு. கூட்டிட்டுப் போயிடுங்க."

எந்தப் பேச்சுக்காக அவள் கார் சொல்லி வந்தாளோ அந்தப் பேச்சு. அவள் வாயைத் திறக்கும்முன் போன் அடித்தது. இந்தமுறை தாய்க்காரி யாரையும் பேசவிடவில்லை.

"அவகிட்ட குடுங்க. இப்ப குடுக்கலன்னா நான் எழுந்து வந்துடுவேன்."

கொடுத்தான். சுண்டு பால் கையோடு வாங்கினாள். "அம்மா! அப்பா ரொம்ப நேரம் சூடு வச்சிருந்தாங்கம்மா. எல்லாரும் கூப்பிட்டாங்க. அப்பா கூப்பிட்டாங்க. மாடி அத்தை என்மேல உக்காந்துட்டாங்க. பெரியம்மா அழுதாங்க. நான் வரவே இல்லையே!"

மறுமுனையில் தாய்க்காரிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பிறகு மெல்ல, "ஜெயிச்சுட்டடி கண்ணு" என்றது குரல். அப்புறம், "பெரியம்மாகிட்ட குடு."

டீச்சர் வாங்கினாள்.

"அக்கா." அழுது முடித்த குரல். "கூட்டிட்டுப் போறியா?"

இவ்வளவு வருஷத்தில் தங்கச்சி அவளிடம் அப்படித் தோற்றுப்போய்க் கேட்டதில்லை. வேண்டுமென்றால் அந்த நிமிஷமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம், தடுக்க ஆளில்லை. டீச்சர் தரையைப் பார்த்தாள். அங்கே ஒருத்தி ரொட்டியின் ஓரத்தை மட்டும் தனியாகப் பிய்த்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள், ஏன் என்று கேட்டால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும்.

"இல்லடி," என்றாள். "எங்க வீட்ல மணியடிச்சா வர்ற பிள்ளைங்களத்தான் எனக்குப் பாத்துக்கத் தெரியும். இவ அங்க எங்கயாச்சும் ஒளிஞ்சுக்கிட்டா, என்ன சொன்னா வருவான்னு ஒவ்வொண்ணுக்கும் உனக்குப் போன் போடணும். நீ படு. நான் இங்க இருக்கேன். பள்ளிக்கூடத்த ஆயாவும் இன்னொரு டீச்சரும் பாத்துக்குவாங்க. உன்னக் கேட்டுக்கிட்டேதான் செய்வேன். பயப்படாத," என்றாள்.

போனை வைத்துவிட்டு லாரிக்காரனைப் பார்த்தாள். "நீங்க வண்டி எடுக்கணும்னா எடுங்க மாப்பிள்ள."

"வேற ஆளப் போட்டுக்கட்டும் அண்ணி," என்றான் அவன். தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "பெட்டிக்கே இவ்வளவு சட்டம். காலைல பல்லு தேய்க்கறதுக்கு என்ன சட்டமோ, அதத் தெரிஞ்சுக்காம எங்க போக?" சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாயங்காலத்திலிருந்து அடைத்துக்கிடந்ததெல்லாம் சேர்ந்து வந்ததால் அடக்க முடியவில்லை. டீச்சருக்கும் தொற்றிக்கொண்டது.

சுண்டு ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"பல்லுக்கும் இருக்கு," என்றாள். "யாரும் சிரிக்கக் கூடாது. சிரிச்சா மொதல்லேர்ந்து."

லாரிக்காரன் வாயை மூடினான். டீச்சரும் மூடினாள்.